அடிவரியில் யார் பெயர்

"எதாவது குறையுதா, பாரு," என்றான் ஏனோக்.

"மை கொஞ்சம் வெளிறிப் போயிருக்கு," என்றேன்.

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

எங்களுக்குக் கல்யாணமான வாரத்தில், எங்கள் சொந்த அச்சகத்தில் முதல் தாளை எடுத்த காலையில் நடந்த பேச்சு இது. ஈரம் காயாத தாளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான் ஏனோக். குழந்தையைக் குளிப்பாட்டி எடுத்த தகப்பன் மாதிரி ஒரு முகம். தாளின் கடைசியில், எல்லாவற்றுக்கும் அடியில், சின்ன எழுத்தில் ஒரு வரி: அச்சிட்டவர் ஏனோக் இபட்சன், பின்ஃபோல்ட் சந்து, ஷெஃபீல்ட். இந்த நாட்டில் எதை அச்சடித்தாலும் அச்சிட்டவன் பெயரும் முகவரியும் அடியில் இருக்க வேண்டும். சட்டம் அப்படி. நாளைக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று சர்க்காருக்குத் தெரிய வேண்டாமா?

அந்த அடிவரியை எழுத்தெழுத்தாகக் கோத்தவள் நான். அதற்கு மேலே இருந்த இரண்டு பத்தியை எழுதியவளும் நான்தான். "வேற?" என்று அவன் கேட்டபோது ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. புதுப்பெண் அல்லவா, விழுங்கிவிட்டேன். மீன்முள் மாதிரி அது தொண்டையிலேயே கிடந்தது.

என் பெயர் டார்க்கஸ். அப்பா ராதர்ஹாமில் அச்சகம் வைத்திருந்தார். மற்றப் பெண்கள் பட்டாணி உரித்த வயதில் நான் ஈய எழுத்துகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏனோக் அப்பாவிடம் வேலை பார்த்தவன். அவனுக்குக் கைவலிமை, எனக்குக் கைவேகம். அவன் அச்சு இயந்திரத்தின் கைப்பிடியை இழுத்தால் தரை அதிரும். நான் கோத்து முடித்துவிட்டு அவனுக்காகக் காத்திருப்பேன். அப்படிக் காத்திருந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

சனிக்கிழமைதோறும் வரும் எங்கள் வாரத்தாளின் பெயர் 'சாணைக்கல்'. கத்தி செய்து பிழைக்கிற ஊரில் வேறு என்ன பெயர் வைப்பது? முதலில் ஏனோக் பேசுவான், நான் எழுதுவேன். பிறகு அவன் பாதி பேசினாலே நான் முழுதும் எழுதினேன். கடைசியில் அவன் பேசுவதையே விட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை காலை கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "இந்த வாரம் நான் என்ன சொல்லியிருக்கேன்?" என்று கேட்பான். படித்துக் காட்டுவேன். "சரியாத்தான் சொல்லியிருக்கேன்," என்பான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. "அண்ணிக்குச் சனிக்கிழமைதோறும் பிரசவம். ஒரு வாரம்கூடத் தவறாது," என்று என் கொழுந்தன் ரூபன் கேலி செய்வான்.

ஒரே ஒருமுறை ஏனோக்கே என் பெயரைப் பற்றிய பேச்சை எடுத்தான். சாப்பிட்டு முடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கரண்டியைப் பார்த்துச் சொன்னான்: "உன் பேரு வீட்டுக்குள்ளயே இருக்கட்டும், புள்ள. வெளியில காத்து நல்லால்ல." அவன் அன்பு எப்போதும் அப்படித்தான். மழை வரும் என்று சொல்லி என் தொப்பியையும் தானே மாட்டிக்கொள்கிற அன்பு.

புது ராஜாவுக்கு முடிசூட்டு நடந்த கோடையில் காற்று நிஜமாகவே கெட்டது. அன்றைக்கு நாடு முழுக்கச் சன்னலில் மெழுகுவத்தி ஏற்றச் சொன்னார்கள். ஏற்றாத சன்னலுக்குக் கல் விழும். கல்யாணம் செய்துகொண்ட மனைவியைக் கோயில் வாசலிலேயே தடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளே போய்த் தலையில் கிரீடம் வைத்துக்கொண்ட மனிதருக்காக மெழுகை எரிக்க எங்கள் சந்தில் யாருக்கும் மனமில்லை. சாணைபிடிப்பவர்கள் வீடுகள் வரிசையாக இருண்டு கிடந்தன. மறுநாள் தெருவெல்லாம் கண்ணாடி.

அந்தக் கண்ணாடியைப் பெருக்கி அள்ளிவிட்டு வந்து நேராக எழுத உட்கார்ந்தேன். வீட்டில் ஒரு ரொட்டி இருக்கிறது. அதைத் தாய் எப்படி அறுப்பாள்? முதல் துண்டு சாணைக்கல்லுக்குப் போகிறவனுக்கு. அடுத்தது பிள்ளைகளுக்கு. கருகிப்போன அடிக்கட்டி அவளுக்கு. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றத் தெரிந்த எவரும் தமக்குக் கடைசித் துண்டைத்தான் எடுத்துக்கொள்வார்கள். முதல் துண்டையும் நடுத்துண்டையும் தானே எடுத்துக்கொண்டு, அடிக்கட்டிக்கு நன்றி சொல்லச் சொல்கிறவரை நாங்கள் வீட்டில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், ராஜா என்றல்ல. தன் மனைவிக்குக் கதவைச் சாத்துகிறவர் யாருக்குத்தான் திறப்பார்? இவ்வளவுதான் எழுதியது.

ராஜாவை மக்கள் வெறுக்கும்படி எழுதுவது குற்றம். எழுதியது உண்மை என்றால் குற்றம் குறையாது. உண்மை என்றால் வெறுப்பு கூடும், வெறுப்பு கூடினால் குற்றமும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. பொய்யே எழுதியிருக்கலாம் போலிருக்கிறதே என்று எங்கள் வக்கீல் ஸ்கோலியிடம் கேட்டேன். அதற்கும் தண்டனை உண்டு, ஆனால் அவ்வளவு கோபம் வராது என்றார்.

ஏனோக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யார்க் நகரில் விசாரணை. நான் மேலே பொதுமக்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குற்றத்தை நிரூபிக்க வேண்டுமென்றால் எழுதியதை வாசித்தாக வேண்டும் அல்லவா? பொடி போட்ட தலைமயிரோடு சர்க்கார் வக்கீல் எழுந்து, என் ரொட்டியை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உரக்க வாசித்தார். அடிக்கட்டி வந்த இடத்தில் பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை சிரித்துவிட்டாள். அவளைத் தொடர்ந்து கூடமே சிரித்தது. நீதிபதி மேசையைத் தட்டினார். சர்க்கார் வக்கீல், "பழுத்த அரசியல்வாதி ஒருவரின் தேர்ந்த கை இதை எழுதியிருக்கிறது. விஷத்தை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்த ஆண்மகனின் பேனா," என்றார். எனக்கு ஒரு பக்கம் கர்வம், ஒரு பக்கம் எரிச்சல். பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லவும் முடியாது.

இது உன் எழுத்துதானா என்று ஏனோக்கைக் கேட்டார்கள். "அடியில என் பேருதானே இருக்கு, ஐயா," என்றான். பொய்யும் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. இரண்டு வருடம் என்றார்கள். அவன் மேலே நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். மழைக்கு என் தொப்பியையும் சேர்த்து மாட்டிக்கொள்கிற அந்த முகம்.

அடுத்த சனிக்கிழமைக்கு ரூபன் அடிவரிக்குத் தன் பெயரைக் கொடுத்தான். இரண்டே இதழ். அவனையும் கொண்டுபோய்விட்டார்கள்.

'சாணைக்கல்' அதோடு நின்றுவிடும் என்று சர்க்கார் நினைத்திருக்கலாம். நானும் கொஞ்சம் நினைத்தேன். ஆனால் வியாழக்கிழமை காலை கதவைத் திறந்தால் வாசலில் சாணைபிடிப்பவன் ஒருவன் நிற்கிறான், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. பெயர் வேண்டுமாமே, என்னுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றான். பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம் உப்புக் கொடுப்பது மாதிரி. அவன் போனபிறகு அரம் வெட்டுகிறவன் ஒருவன். பிறகு கத்திக்குப் பிடி போடுகிறவர்கள் வந்தார்கள். அதற்கு ஒரு முறையே வைத்துவிட்டேன். பெயர் தருகிறவர் இயந்திரத்தின் கைப்பிடியை ஒருதரமாவது இழுக்க வேண்டும். அப்போதுதான் 'அச்சிட்டவர்' என்பது பொய்யாகாது. ராஜாவைப் பற்றி நாங்கள் எழுதுவது எல்லாம் உண்மை என்கிறபோது, அடிவரி மட்டும் பொய்யாக இருக்கலாமா?

ஆமோஸ் டங்வொர்த் அப்படி வந்தவன்தான். சாணை பிடித்துக் கல்தூசி தின்ற நெஞ்சு. அந்த வேலைக்காரர்கள் நரை காண்பதில்லை. கைப்பிடியை ஒருதரம் இழுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் இருமினான். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தன் பெயர் ஈயத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டான். காட்டினேன்.

"இம்புட்டுத்தானா நான்?" என்றான். பிறகு, "செயில்ல ரொட்டி வெள்ளையா இருக்குமாமே, தங்கச்சி. அந்த ருசியையும் பாத்துட்டுப் போயிடறேன்," என்றான்.

அவனைப் பிடித்தார்கள். இவன் சிறையில் செத்துவிட்டால் ஊர் கொதிக்கும் என்று பயந்து, கொஞ்ச நாளில் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவன், ரொட்டி ஒன்றும் வெள்ளையில்லை, ஊரெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று எல்லாரிடமும் முறையிட்டான்.

போன வியாழக்கிழமை மறுபடி என் வாசலில் நின்றவன் அவன்தான். பின்னாலேயே அவன் மனைவி கெசாயா, மாவுக் கையோடு.

அந்த வாரத் தாள் முழுதும் கோத்துத் தயாராக இருந்தது. ராஜாவின் பிறந்தநாளுக்கு மறுபடி சன்னலில் விளக்கு வைக்கச் சொல்லியிருந்தார்கள். வைக்க மாட்டோம், ஏன் வைக்க மாட்டோம் என்று எழுதியிருந்தேன். முன்பு எழுதியதெல்லாம் இதன் முன்னால் தாலாட்டு. அடிவரி மட்டும் காலி. ஆமோஸ் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை தன் பெயரையே போடச் சொன்னான். பழகிய பெயர், எழுத்துக் கோப்பதும் சுலபம் என்றான். சொல்லும்போதே இருமல் வந்துவிட்டது.

கெசாயா அவனை முக்காலியில் உட்காரவைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். அடிக்கட்டி ரொட்டி யாருக்குப் போகும்னு எந்த ஆம்பளைக்குத் தெரியும்?"

பதிலுக்குக்கூடக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

"இவருக்குக் கல்யாணமானதுலேர்ந்து நான்தான் ரொட்டி அறுக்கறேன். நான் எதைத் திங்கறேன்னு கேளுங்க, சொல்லுவாரா பாப்போம். உங்க ஏனோக்குக்குத் தெரியுமா? அந்தப் பொடி மயிர் வக்கீலுக்குத் தெரியுமா? அன்னிக்குக் கோர்ட்டுல முதல்ல சிரிச்சது நான்தான். சிரிக்கும்போதே தெரிஞ்சிடுச்சு, இத எழுதுனது ஒரு பொம்பளைன்னு."

ஆமோஸ் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அடிக்கட்டி அவளுக்குப் பிடிக்கும் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன் என்றான். கெசாயா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அதை நான் அச்சில் போட்டால் எனக்கு ஆயுள் தண்டனை கிடைக்கும்.

"உங்க வார்த்தைக்கு ஊர்ல இருக்கற ஆம்பளையெல்லாம் செயிலுக்குப் போறாங்க," என்றாள் அவள். "உங்களத் தவிர."

குற்றம் சாட்டுகிற குரல் அல்ல அது. எனக்கு வரவேண்டியதை யாரோ இத்தனை காலம் அடித்துக்கொண்டு போகிறார்களே என்று எனக்காக ஆத்திரப்படுகிற குரல். தொண்டையில் அந்த மீன்முள் கிடந்த இடத்தில் சரியாக விரலை வைத்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு வந்தது. இன்றைக்கு யார் பெயரும் வேண்டாம் என்று சொல்லி இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு, நேராக ஸ்கோலி வக்கீலிடம் போனேன்.

என் பெயரையே அடிவரியில் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். கல்யாணமான பெண் செய்கிற காரியத்தைப் புருஷன் ஏவித்தான் செய்தாள் என்று எடுத்துக்கொள்வது கோர்ட்டு வழக்கம். அவன் சிறையில் இருந்தால் அந்த வாதம் கொஞ்சம் பலவீனம். ஆனால் நான் சொல்லித்தான் செய்தாள் என்று அவனே எழுந்து சொல்லிவிட்டால் போதும், நீதிபதிகளுக்கும் அதுதான் சௌகரியம். என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவன் தலையில் இன்னும் இரண்டு வருடத்தைக் கட்டுவார்கள்.

"ஏனோக் அப்படிச் சொல்லுவாரா?" என்று கேட்டார்.

அவர் கல்யாணம் ஆகாதவர். இல்லையென்றால் கேட்டிருக்க மாட்டார்.

திரும்பி வந்து, எழுத்துப் பெட்டி முன்னால் நின்று, இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடச் செய்யாத ஒன்றைச் செய்தேன். என் பெயரைக் கோத்தேன். ரூபன் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு கோப்பேன், ஆமோஸ் பெயரைத் தூக்கத்தில் கோப்பேன். என் பெயருக்குக் கை இரண்டு தரம் தடுமாறியது. நூல் போட்டு இறுக்கிக் கட்டி, கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, யார்க் வண்டி ஏறினேன்.

சிறையில் பேசுகிற இடத்தில் நடுவே கம்பி. பக்கத்தில் ஒரு காவலன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். ஏனோக் இளைத்திருந்தான். பன்றிக்கறி அடையையும் காலுறையையும் கொடுத்தேன். ரூபனுக்குப் பாதி என்றேன். கால்வாசி என்றான். இதழ் நின்றுவிட்டதா என்று முதலில் கேட்டான். இல்லை என்றதும் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிடமே சுருங்கியது. இனி நிறுத்திவிடு என்றான். ஊரில் இருக்கிற நல்லவர்களையெல்லாம் ஒவ்வொருவராக இங்கே அனுப்பிக்கொண்டிருந்தால் ஊருக்கு யார் மிஞ்சுவார்கள், இனி ஒருத்தன் பெயரும் வேண்டாம், பூட்டிவிடு என்றான்.

"ஒருத்தன் பேரும் போடல," என்றேன்.

கைக்குட்டையை எடுத்து, நூல் கட்டிய ஈயத்தைக் கம்பி வழியாக நீட்டினேன். காவலன் எழுந்து வந்தான்.

"என்னம்மா அது, ஈயமா?"

"எழுத்துதாங்க. கடிக்காது."

"உங்க வீட்டு எழுத்து கடிக்கும்னுதானே இவன் இங்க இருக்கான்," என்றான் அவன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அச்செழுத்து கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறியிருக்கும், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏனோக்கிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான்.

அங்கே வெளிச்சம் போதாது. ஏனோக் கட்டைவிரலை ஈயத்தின் முகத்தில் வைத்து மெல்ல நகர்த்தினான். அச்சுக்காரனுக்குக் கண் எதற்கு? முதல் எழுத்தில் விரல் நின்றது. பிறகு நகர்ந்தது. கடைசிவரை போய்விட்டு, மறுபடி ஆரம்பத்துக்கு வந்தது. எங்கள் கல்யாணத்தன்று என் மோதிரத்தை அப்படித்தான் தடவிக்கொண்டிருந்தான்.

சந்தேகமாக நிமிர்ந்து, விளக்கு விஷயமா என்று கேட்டான். ஆமாம் என்றேன். கடுமையாக எழுதியிருக்கிறாயா என்றான். ஆமோஸ் கேட்டுவிட்டு இருமலையே மறந்துவிட்டான் என்றேன். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். நான் காத்திருந்தேன். அவனுக்காகக் காத்திருக்க எனக்குத் தெரியும்.

தலையை நிமிர்த்தியபோது அந்த முகம் வந்துவிட்டது. மழைக்குத் தொப்பியை மாட்டிக்கொள்கிற முகம்.

"சரி, போடு," என்றான் தாழ்ந்த குரலில். "போட்டுக்க, புள்ள. உன்ன ஒண்ணும் பண்ண மாட்டாங்க. கோர்ட்டுல நான் எந்திரிச்சுச் சொல்லிடறேன், எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது, அவ கை மட்டுந்தான் செஞ்சதுன்னு. நீ அன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம், அவ்வளவுதானே. ரூபன் இருக்கான், பேச்சுத்துணைக்குக் குறைவில்ல."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். உலகத்திலேயே பெரிய பரிசு ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டது மாதிரி. கொடுத்தான்தான். நான்கு வருடம் ஒரு மனிதன் எனக்காகக் கம்பிக்குப் பின்னால் இருக்கத் தயாராக நிற்கிறான். அவனை இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கம்பியை விட்டு நகர்ந்துவிடலாமா, சரி என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிடலாமா என்று ஒரு கணம் மனம் தளர்ந்தது. அன்றைக்குச் சொன்ன மாதிரியே: மை கொஞ்சம் வெளிறிப் போயிருக்கிறது, வேறு ஒன்றுமில்லை.

"எதாவது குறையுதா?" என்றான், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

"குறையுது," என்றேன். கம்பிக்குள் கையை விட்டு, ஈயத்தைப் பிடித்திருந்த அவன் விரல்களின் மேல் என் விரல்களை வைத்தேன். காவலன் இருமினான். நான் கையை எடுக்கவில்லை.

"நம்ம மொதத் தாளு எடுத்த அன்னிக்கே கேட்டிருக்கணும், ஏனோக். இப்பக் கேக்கறேன். நான் சொல்லித்தான் அவ செஞ்சான்னு நீ சொல்லக் கூடாது. என்ன ஆனாலும் சரி, எத்தன வருஷம் குடுத்தாலும் சரி. எழுந்து நின்னு, அவளா எழுதுனா, அவளா கோத்தா, அவளா அடிச்சான்னு சொல்லு. அது என் பேரு. எங்கிட்டயே விட்டுடு."